லூப்பஸ் அடங்கியிருக்கும் ஆண்டுகளில் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். மனைவிக்கு 31 வயது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் முகத்தில் சிவப்புத் தடிப்பு, விரல் மூட்டுகளில் வலி, கால் வீக்கம் என்று தொடங்கியிருக்கிறது. ஈப்போவில் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து, சிறுநீரகத்தைத் தொட்ட லூப்பஸ் என்று முடிவு சொன்னார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய் அது. இப்போது தடிப்பும் இல்லை, வலியும் இல்லை. தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கும் போய் வருகிறார். இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) நன்றாக இருக்கிறதாம், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் 5 மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கிறதாம். "நோய் அடங்கிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் லூப்பஸ் வந்தவர்களுக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகளில் சிறுநீரகம், இருதயம், கண் எல்லாம் கெட்டுவிடும் என்று படிக்கிறேன். எது உண்மை? மருந்தை நிறுத்திவிடலாம் என்கிறார் என் அம்மா. இன்னொரு பிள்ளையும் வேண்டும் என்று இருக்கிறோம். ஒவ்வொரு முறை ஈப்போ போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது. விளக்கமாகச் சொல்லுங்கள் அக்கா" என்று கேட்கிறார்.

தம்பி, நான் டாக்டர் இல்லை. பேராக் அரசாங்க மருத்துவமனைகளில் தாதியாக வேலை பார்த்து, அதில் பெரும்பகுதியைச் சிறுநீரக வார்டிலும் டயாலிசிஸ் அறையிலும் கழித்தவள். ஓய்வு பெற்ற பிறகும் கடைத்தெருவில் "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த அனுபவத்திலிருந்தும், அதற்காகப் படித்ததிலிருந்தும் சொல்கிறேன்.

டாக்டர் சொன்னதும் உண்மை, நீங்கள் படித்ததும் உண்மை. இரண்டும் வேறு வேறு விஷயங்களைப் பற்றியவை. நோயின் வீரியம் ஒன்று, நோயும் மருந்தும் விட்டுப்போகும் சேதம் மற்றொன்று. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: கத்தி பட்டையோடு நின்றால் சில ஆண்டுகளில் பட்டை சமமாக வளர்ந்துவிடும், கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாகவே நிற்கும். உங்கள் மனைவியின் முகத்தடிப்பு முதல் வகை, வந்தது, போய்விட்டது. சிறுநீரக வடிகட்டிகளில் விழும் தழும்பு இரண்டாவது வகை.

டாக்டர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்கிறார்கள். சேதத்துக்கென்றே 1996-இல் ஒரு மதிப்பெண் முறை வெளிவந்தது. கண், மூளை, சிறுநீரகம், நுரையீரல், இருதயம், எலும்பு, தோல் என்று பன்னிரண்டு பகுதிகளைப் பார்த்து, ஆறு மாதத்துக்கு மேல் நிலைத்துவிட்ட கேட்டை மட்டும் அதில் எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை ஏறுமே தவிர இறங்காது. அதில் எனக்குப் பிடித்த நேர்மை ஒன்று உண்டு. கேடு லூப்பஸால் வந்ததா, லூப்பஸுக்குக் கொடுத்த மருந்தால் வந்ததா என்று அது பார்ப்பதில்லை. ஸ்டீராய்டால் வந்த கண்புரையும் சேதம்தான், இடுப்பெலும்பு நொறுங்கியதும் சேதம்தான். கனடாவின் டொராண்டோவில் புதிதாக லூப்பஸ் வந்தவர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது: தொடக்க ஆண்டுகளின் சேதத்துக்கு நோய் காரணம், பிந்தைய ஆண்டுகளில் சேரும் சேதத்தில் பெரும்பகுதிக்கு ஸ்டீராய்டோடு தொடர்பு.

அதனால் "நன்றாக இருக்கிறாளே, இனி எதற்கு ஈப்போ?" என்ற கேள்வியைத்தான் நான் திருப்பிப் போடுவேன். தடிப்பும் வலியும் இருந்த காலத்தில் உடம்பே சத்தம் போட்டுச் சொன்னது. இப்போது சொல்லாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

முதலில் சிறுநீரகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. லூப்பஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த அணுக்களின் உட்பொருளுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அவை கூட்டாகச் சேர்ந்து வடிகட்டிகளில் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. இதில் வலியே கிடையாது. டயாலிசிஸ் அறைக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் "முதுகு கூட வலிக்கவில்லையே மிஸ்ஸி" என்று கேட்டிருக்கிறார்கள். இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிட்டோம், சாதாரணமாக இருக்கிறது என்று நிம்மதியடைவதும் முழுச் சரி இல்லை. சிறுநீரகத்தின் வேலைத் திறன் பாதியளவு குறையும் வரையிலும் அந்த எண் சாதாரண எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது சிறுநீர்: அதில் இறங்கும் புரதமும் இரத்த அணுக்களும். கழிப்பறையில் நுரை கலையாமல் நிற்கிறது, காலையில் கண் இமை உப்புகிறது, மாலையில் செருப்பு வார் கணுக்காலில் பதிகிறது என்றால் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு. ஒரு நாளில் சிறுநீரில் போகும் புரதம் எத்தனை கிராம்? சிகிச்சை தொடங்கி ஓராண்டுக்குள் அது 0.5 முதல் 0.7 கிராமுக்குக் கீழே வந்துவிட்டால் நீண்ட காலத்துக்குச் சிறுநீரகம் நிற்கும் என்பதற்கு அதுவே நல்ல அடையாளம். மீண்டும் 0.5-ஐத் தாண்டி ஏறினால், மனைவி எவ்வளவு தெம்பாக இருந்தாலும், உள்ளே நோய் கிளம்பியிருக்கலாம். லூப்பஸ் சிறுநீரகத்தைத் தாக்கியவர்களில் பத்தாண்டுகளில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை டயாலிசிஸ் நிலைக்குப் போகிறார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எண்பது, தொண்ணூறு பேர் போவதில்லை என்பதும் அதே கணக்குத்தான். எந்தப் பக்கம் நிற்பது என்பதில் நம் கையில் இருக்கும் பகுதி சிறியதன்று: மருந்து விடாமல் இருப்பது, இரத்த அழுத்தத்தை 130/80-க்குக் கீழே வைத்திருப்பது, சிறுநீரைத் தவறாமல் சோதிப்பது.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோபெனோலேட் போன்ற மருந்தை, நோய் அடங்கிய பிறகும் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது தொடரச் சொல்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு இது விளங்காமல் இருப்பதில் வியப்பில்லை. மருந்துதான் நோயை அடக்கி வைத்திருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. புரதம் இறங்குவதைக் குறைக்கக் கொடுக்கும் பெரிண்டோபிரில் மாத்திரையைப் பிரஷர் மாத்திரை என்று எண்ணி, "எனக்குத்தான் பிரஷர் இல்லையே" என்று தள்ளிவைப்பவர்களும் உண்டு. அந்த மாத்திரை அவர்களுக்கு வடிகட்டிகளைக் காப்பதற்காகக் கொடுக்கப்படுகிறது. வறட்டு இருமல் வந்தால் சொல்லுங்கள், வேறு மாத்திரை இருக்கிறது.

இங்கே நம் ஊர்ப் பழக்கங்களைப் பற்றிக் கொஞ்சம் திட்டியே ஆக வேண்டும். உடம்பு வலி என்றால் மருந்துக் கடையில் போன்ஸ்டான், வோல்டாரன் வாங்கி விழுங்குவது தோட்டத்தில் சர்வசாதாரணம். அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். லூப்பஸ் சிறுநீரகத்தைத் தொட்டவர் அவற்றைத் தாமாக எடுக்கவே கூடாது, பேனடோல் (பாராசிட்டமால்) போதும்.

அதைவிட மோசமானது பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் மூட்டுவலி மாத்திரையும் ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்தும். "மூலிகை, பக்கவிளைவு இல்லை" என்று போட்டிருக்கும். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் அதுவே எச்சரிக்கை. இப்படிப்பட்ட பதிவில்லாத சரக்குகளில் டெக்சாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. டாக்டர் ஸ்டீராய்டை 5 மில்லிகிராமுக்குப் பாடுபட்டு இறக்கி வைத்திருப்பார். நோயாளி வீட்டில் கணக்கில்லாமல் ஏற்றிக்கொண்டிருப்பார். அட்டையில் 'எம்.ஏ.எல்' என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் வாங்காதீர்கள். எண் இருந்தாலும் மருந்தாளுநரிடம் காட்டிவிட்டே எடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு நட்சத்திரப் பழம், நாம் பிளிம்பிங் என்று சொல்கிறோமே, அது ஆகாது. ஆரோக்கியமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும் ஒரு நச்சுப்பொருள் அவர்கள் உடம்பில் தங்கி, விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். உங்கள் மனைவியின் கிரியாட்டினின் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் வீட்டுப் பின்னால் மரம் இருக்கிறது என்பதற்காகச் சாறு பிழிந்து கொடுக்க வேண்டாம்.

இனி ஸ்டீராய்டு. பிரட்னிசோலோனைத் திட்டுவது எளிது, ஆனால் இந்த வகை மருந்து புதிதாக வந்த காலத்தை மறந்துவிடக் கூடாது. 1950-களில் லூப்பஸ் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஐந்து ஆண்டு தாண்டினார்கள். இன்று பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தாண்டுகிறார்கள். அந்த மாற்றத்தில் ஸ்டீராய்டுக்கும் பங்கு உண்டு, டயாலிசிஸுக்கும் மற்ற மருந்துகளுக்கும் பங்கு உண்டு. தொடக்கத்தில் அதிக அளவு கொடுப்பது சிறுநீரகத்தைக் காப்பாற்ற. பிறகு ஆண்டுக்கணக்கில் தேவைக்கு மேல் நீடிப்பதுதான் சேதம் சேர்க்கிறது. ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவர்களின் 2023 வழிகாட்டுதல் நீண்ட காலத்துக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, முடிந்தால் நிறுத்திவிட வேண்டும் என்கிறது. உங்கள் மனைவி இப்போது 5-இல் இருக்கிறார். நல்ல இடம். "இதையும் இறக்க முடியுமா டாக்டர்?" என்று அடுத்த முறை கேட்பதில் தவறே இல்லை. தாமாக நிறுத்துவது மட்டும் கூடாது. பல மாதம் மாத்திரை எடுத்தவரின் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். திடீரென்று விட்டால் இரத்த அழுத்தம் விழுந்து, வாந்தியோடு மயங்கி, உயிருக்கே ஆபத்தாகும்.

ஸ்டீராய்டு விட்டுப்போகும் தடங்களில் எலும்பைத்தான் முதலில் சொல்வேன். தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு இரத்த ஓட்டம் குறைந்து அந்த எலும்பு செத்துப்போவது ஒரு வகை. முதல் மாதங்களில் எடுத்த அதிக அளவின் விளைவு, நோய் அடங்கிய பிறகு இடுப்பு மடிப்பில் வலியாக வெளிப்படும். சாதாரண எக்ஸ்ரேயில் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். முப்பது வயதுப் பெண் ஒருத்தி தொடை இடுக்கில் வலி, நொண்டி நடக்கிறேன் என்று சொன்னால், "பிள்ளையைத் தூக்கியதால் சுளுக்கு" என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடாதீர்கள். ஆயாக்கொட்டகையில் வேலை பார்ப்பவருக்கு அந்த விளக்கம் மிக எளிதாகப் பொருந்திவிடும் என்பதால் சொல்கிறேன். எலும்பு மெலிவது இன்னொரு வகை. வெயில் படக் கூடாது என்று சொல்லியிருப்பதால் வைட்டமின் டி-யும் குறையும். அதைச் சோதித்து மாத்திரையாக ஈடுசெய்யலாம்.

பிறகு சர்க்கரை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவின் வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; நாட்டின் மொத்தக் கணக்கு 18.3. லூப்பஸே இல்லாமல் நம் நிலை இது. அதன் மேல் ஸ்டீராய்டு ஏறினால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீரிழிவு வந்தால் அதுவும் இதே சிறுநீரகத்தையும் கண்ணையும்தான் தேடி வரும். தேத்தண்ணீரில் ஊற்றும் கெட்டிப்பாலிலிருந்து தொடங்குங்கள்.

பிளாக்குவெனில் என்ற லூப்பஸ் மாத்திரையைப் பற்றிய பயம்தான் எனக்குக் கோபம் வரவழைப்பது. "கண்ணைக் குருடாக்கும்" என்று யாரோ சொல்லி, நிறுத்தினால் நோயைக் கிளப்பிவிடும் ஒரு மருந்தை மக்கள் குப்பையில் போடுகிறார்கள். 1991-இல் கனடாவில் நோய் அடங்கியிருந்தவர்களில் சிலருக்கு அதைத் தொடர்ந்து கொடுத்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில், மருந்தை இழந்தவர்களுக்கு நோய் கிளம்பும் வாய்ப்பு இரண்டரை மடங்கு இருந்தது. சேதம் சேர்வதையே மெதுவாக்கும் மருந்து இது. கண்ணைப் பொறுத்தவரை எல்லாம் அளவைப் பொறுத்தது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் இருந்தால், முதல் ஐந்து ஆண்டுகளில் விழித்திரை பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவு, பத்து ஆண்டு வரை நூற்றில் இருவருக்கும் குறைவு. இருபது ஆண்டைத் தாண்டினால் ஐந்தில் ஒருவர் வரை ஏறுகிறது. 60 கிலோ உள்ளவருக்கு 300 மில்லிகிராம் என்று வரும். மாத்திரை 200 என்பதால் ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு. மனைவியின் எடை குறைந்திருந்தால் சொல்லுங்கள், கணக்கு மாறும். சிறுநீரகம் பலவீனமானால் மருந்து உடம்பில் தங்குவதால் ஆபத்து கூடும். ஐந்து ஆண்டு ஆகிவிட்டது, ஆகவே இனி ஆண்டுதோறும் விழித்திரைப் படமும் பார்வைப் புலச் சோதனையும் அவருக்குத் தேவை. கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிப்பது இதில் சேராது.

இருதயத்தைப் பற்றி யாரும் இளம் பெண்களிடம் பேசுவதில்லை. 1976-இல் டொராண்டோவில் யுரோவிட்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஒன்றைக் கவனித்தார்கள். லூப்பஸில் சீக்கிரம் இறந்தவர்கள் நோயின் வீரியத்தாலும் தொற்றாலும் இறந்தார்கள். ஆண்டுகள் கழித்து இறந்தவர்கள் மாரடைப்பால் இறந்தார்கள். 1997-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 35 முதல் 44 வயது வரையுள்ள லூப்பஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு அதே வயதுடைய மற்றப் பெண்களைவிட ஐம்பது மடங்குக்கு மேல் இருந்தது. அந்த வயதில் மற்றப் பெண்களுக்கு மாரடைப்பு மிக அரிது என்பதால்தான் மடங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, அதனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நீண்ட கால அழற்சியே இரத்தக் குழாய்ச் சுவரைக் கெடுக்கிறது என்பது உறுதி. கொழுப்பு, அழுத்தம், சர்க்கரை மூன்றையும் ஐம்பது வயதுக்காரரைப் போல் இப்போதே பார்க்க வேண்டும். நடக்கையில் நெஞ்சில் இறுக்கம் வந்தால் "காற்றுப் பிடித்துவிட்டது" என்று விடக் கூடாது. தம்பி, நீங்கள் சிகரெட் பிடிப்பவராக இருந்தால் வீட்டுக்குள் வேண்டாம். புகைப்பவர்களுக்குப் பிளாக்குவெனில் சரியாக வேலை செய்வதில்லை என்றும் பார்த்திருக்கிறார்கள்.

மற்ற உறுப்புகளுக்கும் வரலாம். நுரையீரல் உறை வீங்குவது, மூளையில் பக்கவாதமோ வலிப்போ, தலைமுடி உதிர்ந்த இடத்தில் தழும்பு. உங்கள் மனைவிக்கு இதுவரை இல்லாததால் அவற்றை விரிக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இரத்தம் உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் சோதனை செய்திருக்கிறார்களா, முடிவு என்ன? அது இருப்பவர்களுக்குக் காலில் இரத்தக்கட்டி, இளவயதுப் பக்கவாதம், தொடர்ந்த கருச்சிதைவு ஆகியவை வரும் வாய்ப்பு கூடுகிறது.

காய்ச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும். நோய் கிளம்பினாலும் காய்ச்சல்தான், டிங்கியிலும் காய்ச்சல்தான், இரண்டிலும் இரத்தத் தட்டணுக்கள் குறையலாம். செம்பனைக் காட்டில் எலிக்காய்ச்சலும் உண்டு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவருக்கு 38 பாகை தாண்டினால் அன்றே மருத்துவமனை. "லூப்பஸ் இருக்கிறது, இன்ன மருந்து எடுக்கிறார்" என்று முகப்பிலேயே சொல்லுங்கள். ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடுவது நல்லது.

இன்னொரு பிள்ளை என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் திட்டமிட்டு. நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்க வேண்டும். மைக்கோபெனோலேட் கருவைச் சிதைக்கும், உருக்குலைக்கும். கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே அதை நிறுத்தி அசாதயோபிரின் போன்றதற்கு மாற்றி, நோய் அதிலும் அடங்கியே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரிண்டோபிரிலும் கர்ப்பத்தில் ஆகாது. பிளாக்குவெனில் தொடர வேண்டும். இதைச் சொல்லாமல் கருத்தரித்துவிட்டு, பயத்தில் எல்லா மருந்தையும் ஒரேயடியாக நிறுத்துவதுதான் நான் வார்டில் கண்ட மிகக் கொடிய வழி. அதுவரை கருத்தடை எதுவென்று டாக்டரிடமே கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எல்லா லூப்பஸ் பெண்களுக்கும் பொருந்தாது.

கடைசியாகச் சம்பளம். ஈப்போ நிபுணர் கிளினிக்கில் கட்டணம் ஐந்து வெள்ளிதான் (ரிங்கிட்), உண்மையான செலவு அந்த நாள். வேலைச் சட்டம் 1955-இன்படி ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை என்றால் 18 நாள், அதற்குக் கீழே 14. கிளினிக்கில் வந்து போனதற்கான நேரச் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பினால் தோட்டத்து அலுவலகம் அதை விடுப்பாக ஏற்காது. காலையில் கிளம்பி மாலையில்தான் திரும்புகிறோம் என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்லி எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டே சம்பளத்தை விடுகிறவர்கள் நம்மவர்கள். மருந்து எடுக்க மட்டும் ஒவ்வொரு மாதமும் ஈப்போவுக்கு ஓட வேண்டியதே இல்லை. எஸ்.பி.யூ.பி. என்று ஒரு முறை இருக்கிறது; பெரிய மருத்துவமனை எழுதிய தொடர் மருந்தை வீட்டுக்குப் பக்கத்து அரசாங்க மருத்துவமனையிலோ சுகாதாரக் கிளினிக்கிலோ எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை மருந்தக முகப்பில் சுங்கை சிப்புட்டுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். சில மருந்துகளை முன்கூட்டியே வரவழைக்க வேண்டியிருக்கும் என்பதால், கையிருப்பு தீர்வதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே போய் நில்லுங்கள்.